டர்பனில் கூரை வேலைக்கு பக்கி வாங்கியாயிற்றா? இன்சூரன்ஸை இப்படி எடுங்கள்

தென்னாப்பிரிக்காவில் பிக்கப் வண்டிக்கு பக்கி என்று பெயர். நம் ஊரில் பக்கி என்றால் கண்டதையெல்லாம் வாயில் போட்டுக்கொள்பவன். கூரைக் காண்ட்ராக்டரின் வண்டிக்கு அந்த அர்த்தமும் பொருந்தும். ஏணி, தகடு, ஓடு, கேஸ் சிலிண்டர், ட்ரில் மெஷின், நாலு ஆள், அவர்களுடைய மதியச் சாப்பாடு என்று எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டுதான் காலையில் கிளம்பும். ஆனால் இன்சூரன்ஸ் காகிதத்தில் இருப்பது வெறும் வண்டி மட்டும். இந்த இடைவெளியில்தான் புதிதாக வருபவர்கள் விழுகிறார்கள். நானும் விழுந்திருக்கிறேன்.

2024 ஜூன் 3ஆம் தேதி டொங்காட் பக்கம் சூறாவளி அடித்து ஏராளமான வீடுகளின் கூரைகளைப் பிய்த்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு டர்பனுக்கு வடக்கே கூரை வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. ஒரு பழைய பக்கியும் ஒரு ஏணியும் வைத்திருந்தவர்கள் எல்லாம் காண்ட்ராக்டர் ஆனார்கள். ஊரிலிருந்து வந்த சில தம்பிகளும் அப்படித்தான் தொழிலுக்குள் நுழைந்தார்கள். வேலைக்கு ஓடும் பக்கிக்கு இன்சூரன்ஸ் வேண்டுமா, எப்படி எடுப்பது என்று அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டதற்கான பதில் இது.

முதலில்: இங்கே கட்டாயம் கிடையாது

நம் ஊரில் ஷோரூமிலேயே தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் போட்டுத்தான் சாவியைக் கொடுப்பார்கள். போலீஸ் நிறுத்தினால் ஆர்.சி.யோடு அந்தக் காகிதத்தையும் கேட்பார்கள். இங்கே ரோட்டில் நிறுத்துபவர் லைசென்ஸையும் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் டிஸ்க்கையும் (வண்டிக்கான உரிம வில்லை) பார்ப்பார். இன்சூரன்ஸைக் கேட்க மாட்டார், ஏனென்றால் தனியார் வண்டி இன்சூரன்ஸை இந்த நாட்டுச் சட்டம் கட்டாயமாக்கவில்லை.

அதற்குப் பதிலாக இருப்பது ரோட் ஆக்ஸிடென்ட் ஃபண்ட். எல்லோரும் ஆர்.ஏ.எஃப். என்பார்கள். நீங்கள் போடும் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோல், டீசலிலும் 2 ரேண்டுக்கு மேல் இந்த நிதிக்குப் போகிறது. யாரோ ஒருவருடைய தவறால் ரோட்டில் மற்றவருக்கு அடிபட்டாலோ உயிர் போனாலோ இந்த நிதி ஈடு கொடுக்கும். இதைக் கேட்டதும் பலர் "அப்போ நமக்கு இன்சூரன்ஸ் எதுக்கு?" என்று நிம்மதியாகி விடுகிறார்கள். ஆர்.ஏ.எஃப். உடம்புக்கு மட்டும்தான். வண்டிக்கோ சுவருக்கோ கேட்டுக்கோ ஒரு சென்ட் தராது. விபத்துக்கு முழுக்க முழுக்க நீங்களே காரணம் என்றால் உங்கள் காயத்துக்கும் தராது. உங்கள் ஏணி கழன்று பின்னால் வரும் பி.எம்.டபிள்யூவின் கண்ணாடியில் விழுந்தால் அந்தச் செலவு உங்கள் தலையில்தான்.

வண்டியைக் கடனில் வாங்கினால் பேங்கே முழு இன்சூரன்ஸ் கேட்கும். ரொக்கம் கொடுத்து வாங்கிய பழைய வண்டிக்காரர்கள்தான் பெரும்பாலும் ஒன்றும் இல்லாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

புரோக்கரிடம் போவதற்கு முன் ஒரு பக்கம் எழுதுங்கள்

இந்த வேலையை யாரும் செய்வதில்லை. எல்லாவற்றையும் விட முக்கியமான வேலையும் இதுதான். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, வண்டி உண்மையில் எப்படி ஓடுகிறது என்று எழுதுங்கள். யார் ஓட்டுகிறார்? இரவில் எங்கே நிற்கிறது, பூட்டிய கேட்டுக்குள்ளா, தெருவிலா? பின்னால் ட்ரெய்லர் மாட்டுவீர்களா? என்ன சுமை ஏற்றுவீர்கள்? ஆட்களை ஏற்றுவீர்களா? டார்ச்-ஆன் வாட்டர்ப்ரூஃபிங் (நெருப்பில் உருக்கி ஒட்டும் நீர்த்தடுப்பு) செய்பவர் என்றால் கேஸ் சிலிண்டர் போகிறதா? வேலை டர்பனுக்குள் மட்டுமா, பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரைக்குமா?

நான் முதலில் வாங்கிய பக்கியை ஃபோனிலேயே இன்சூர் செய்தேன். எதிர்முனையில் இருந்த பெண் "பிரைவேட் யூஸ்தானே, வேலைக்குப் போய் வருவீர்கள் இல்லையா?" என்று கேட்டார். வேலைக்குத்தானே போய் வருகிறேன், ஆமாம் என்றேன். அவர் சொன்னது ஆபீசுக்குப் போய் வருவதை. நான் நினைத்தது தகடு ஏற்றிக்கொண்டு சைட்டுக்குப் போவதை. பிரீமியம் குறைவாக வந்தது என்று சந்தோஷப்பட்டேன். எட்டு மாதம் கழித்து பைன்டவுன் இறக்கத்தில் முன்னால் போன காரை இடித்தேன். விபத்து நடந்த இடத்தில் எடுத்த படத்தில் என் வண்டிக்குப் பின்னால் கூரைத் தகடு நீட்டிக்கொண்டிருந்தது. கம்பெனி ஒரே கடிதத்தில் கையை விரித்துவிட்டது. தொழிலுக்கு ஓடும் வண்டியைச் சொந்த உபயோகம் என்று சொல்லியிருக்கிறீர்கள் என்றது. ஃபோன் பேச்சைப் பதிவு செய்தும் வைத்திருந்தார்கள். கோபமாக இருந்தது, ஆனால் பதிவில் "ஆமாம்" என்று சொன்னது என் குரல்தான்.

அதனால் "பிசினஸ் யூஸ்" என்று பாலிசியில் எழுத்தில் இருக்க வேண்டும். அதோடு நின்றுவிடாமல், என்ன பிசினஸ் என்பதையும் ரூஃபிங் காண்ட்ராக்டர் என்றே எழுதச் சொல்லுங்கள். "பில்டிங் சர்வீசஸ்" போன்ற பொதுப் பெயர் போட்டால் பிரீமியம் கொஞ்சம் இறங்கும், கிளைம் நாளில் தகராறு ஏறும்.

இன்னொன்று. ஹார்ட்வேர் கடைக்காரர் "தம்பி, வெருலம் பக்கம்தானே போறீங்க, இந்த சிமெண்டைப் போட்டுட்டுப் போங்க, 300 ரேண்ட் தர்றேன்" என்பார். உங்கள் வேலைக்கு உங்கள் சாமானை ஏற்றுவது ஒரு வகை. அடுத்தவர் சரக்கைக் கூலிக்கு ஏற்றுவது வேறு வகை, அதற்குத் தனிப் பிரீமியம். அந்த ஒரு நடை 300 ரேண்டுக்காக முழு வண்டியையும் பணயம் வைக்காதீர்கள்.

புரோக்கர், வண்டி யார் பெயரில்

டர்பனின் ஃபீனிக்ஸிலும் சாட்ஸ்வொர்த்திலும் தமிழ்ப் பெயருள்ள புரோக்கர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கோயிலில் பார்த்த பழக்கம் என்று எடுத்த எடுப்பில் கையெழுத்துப் போட வேண்டாம். 2002ஆம் ஆண்டின் நிதி ஆலோசகர் சட்டப்படி, இன்சூரன்ஸ் ஆலோசனை சொல்பவருக்கு எஃப்.எஸ்.பி. நம்பர், அதாவது நிதிச் சேவை உரிம எண் இருக்க வேண்டும், அல்லது நம்பர் உள்ள ஒருவரின் பிரதிநிதியாக இருக்க வேண்டும். அந்த நம்பரை ஃபைனான்ஷியல் செக்டர் கண்டக்ட் அத்தாரிட்டியின் இணையதளத்தில் யாரும் சரிபார்க்கலாம், இரண்டு நிமிஷ வேலை. நம்பரைக் கேட்டதும் முகம் சுளிப்பவரிடம் எடுக்காதீர்கள்.

வண்டி உங்கள் பெயரில், பாலிசி கம்பெனி பெயரில், கடன் மச்சான் பெயரில் என்று மூன்று பக்கமும் இழுத்து வைக்காதீர்கள். ஊரிலிருந்து வந்த புதிதில், பேங்க் கடன் கிடைக்காது என்பதால் இப்படி நிறைய நடக்கிறது. அப்படித்தான் இருக்கிறது என்றால், அதையே புரோக்கரிடம் எழுத்தில் சொல்லி, பாலிசியில் ஏற்ற முடியுமா என்று பாருங்கள்.

எந்த அளவு கவர்

மூன்று வகை. தேர்ட் பார்ட்டி மட்டும்; தேர்ட் பார்ட்டியோடு தீயும் திருட்டும்; முழு கவர். இருபது வருஷப் பழைய வண்டிக்கு முழு கவர் கட்டுவது சிலருக்கு நஷ்டம். ஆனால் தேர்ட் பார்ட்டி இல்லாமல் மட்டும் ஓட்டாதீர்கள். உங்கள் வண்டி போனால் போகும் நஷ்டத்துக்கு ஓர் எல்லை உண்டு, அடுத்தவர் வண்டிக்கு எல்லை கிடையாது.

முழு கவர் எடுத்தால் மதிப்பு எப்படி என்று கேளுங்கள். டீலர் விற்கும் விலை ரீடெய்ல். டீலர் உங்களிடம் வாங்கும் விலை ட்ரேட். மார்க்கெட் என்பது இரண்டுக்கும் நடுவில். பாலிசியில் எந்தச் சொல் இருக்கிறதோ அந்தக் காசுதான் வரும். கேனப்பி (தட்டின் மேல் மூடி), ஏணி வைக்கும் ரேக், டோபார் (ட்ரெய்லர் மாட்டும் கொக்கி), ரப்பரைசிங் (தட்டுக்கு ரப்பர் பூச்சு) எல்லாம் தனியே பட்டியலில் வர வேண்டும். இல்லையென்றால் கம்பெனிக்குத் தெரிந்தது தொழிற்சாலையிலிருந்து வந்த மொட்டை பக்கிதான்.

எக்சஸ் என்பது ஒவ்வொரு கிளைமிலும் உங்கள் கையிலிருந்து போகும் பங்கு. பிரீமியத்தைக் குறைக்க எக்சஸை ஏற்றுவார்கள். அடிப்படை எக்சஸோடு, டிரைவருக்கு 25 வயது ஆகவில்லையென்றாலோ லைசென்ஸ் எடுத்து இரண்டு வருஷம் ஆகவில்லையென்றாலோ கூடுதல் எக்சஸ் சேர்வது வழக்கம். இவற்றையெல்லாம் கூட்டினால் எவ்வளவு என்று கேளுங்கள். சின்ன இடிக்குக் கிளைம் போடுவதில் அர்த்தமில்லை என்பது அப்போதே தெரிந்துவிடும்.

டிராக்கர் பொருத்தச் சொன்னால் பொருத்துங்கள், மாதச் சந்தாவையும் நிறுத்தாமல் கட்டுங்கள். ஹைலக்ஸ் போன்ற வண்டிகளுக்கு இது இல்லாமல் திருட்டு கவர் கிடைப்பதே கஷ்டம். டர்பன் ப்ராஸ்பெக்டனில்தான் ஹைலக்ஸ் செய்கிறார்கள். திருடர்களுக்கும் அதன்மேல் ஊர்ப்பாசம் போல.

டிரைவரும் ட்ரெய்லரும்

கிளைம்கள் அதிகம் சாகும் இடம் இது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

மொத்த எடை 3,500 கிலோ வரை உள்ள வண்டிக்கு கோட் பி லைசென்ஸ் போதும். ஆட்கள் இன்னும் பழைய பெயரில் கோட் 8 என்பார்கள். ஆனால் பின்னால் மாட்டும் ட்ரெய்லரின் மொத்த எடை 750 கிலோவைத் தாண்டினால் கோட் இ.பி. வேண்டும். மொத்த எடை என்பது வெற்று ட்ரெய்லரும் அது ஏற்ற அனுமதிக்கப்பட்ட சுமையும் சேர்ந்தது. அன்று நீங்கள் ஏற்றிய சுமையைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், ட்ரெய்லரின் தகட்டில் அடித்திருக்கும் எண்ணைப் பார்ப்பார்கள். டபுள் ஆக்சில் ட்ரெய்லர் என்றால் பெரும்பாலும் தாண்டிவிடும். ட்ரெய்லரையும் பாலிசியில் தனி அயிட்டமாகச் சேர்க்க வேண்டும்.

3,500 கிலோவுக்கு மேல் உள்ள சின்ன லாரி வாங்கினால் கதை வேறு. டிரைவருக்கு சி1, அதாவது கோட் 10, அதோடு பி.டி.பி. எனப்படும் புரொஃபெஷனல் டிரைவிங் பர்மிட். பர்மிட் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். வண்டிக்கும் ஆண்டுதோறும் தகுதிச் சான்று. குடித்துவிட்டு ஓட்டும் அளவும் வேறு: சாதாரண டிரைவருக்கு 100 மில்லி ரத்தத்தில் 0.05 கிராம், பி.டி.பி. வைத்திருப்பவருக்கு 0.02 கிராம். நேற்று இரவுக் குடியே மறுநாள் காலை அந்த அளவில் நிற்கலாம்.

லைசென்ஸ் கார்டு ஐந்து வருஷம். முடிந்த கார்டோடு ஓட்டியவனுடைய விபத்தைக் கம்பெனி எப்படிப் பார்க்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வேலைக்கு வரும் மலாவி, ஜிம்பாப்வே ஆட்களிடமும், ஊர் லைசென்ஸோடு வரும் நம் தம்பிகளிடமும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "இந்த லைசென்ஸை எங்கள் பாலிசி ஏற்கிறதா?" இந்தக் கேள்வியை ஈமெயிலில் புரோக்கருக்கு அனுப்பி, பதிலையும் ஈமெயிலில் வாங்கி வையுங்கள். ஒவ்வொரு டிரைவரின் கார்டையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஃபோனில் படம் எடுத்து வைப்பது என் பழக்கம். ஆள் கொஞ்சம் கோபித்துக்கொள்வான், பரவாயில்லை.

சுமை, ஆள்

கான்கிரீட் ஓடு ஒன்று சுமார் நாலரை, ஐந்து கிலோ. ஒரு சதுர மீட்டர் கூரைக்குப் பத்து ஓடு வரும். ஆக, சதுர மீட்டருக்கு 50 கிலோ. ஒரு டன் பக்கியில் நியாயமாக ஏற்ற முடிவது 20 சதுர மீட்டர் ஓடுதான், அதிலும் முன் சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்தால் இன்னும் குறைவு. ஒரு வீட்டுக் கூரையையே இரண்டு நடையில் முடிக்கப் பார்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓவர்லோடு என்பது போலீஸ் அபராதத்தோடு முடிவதில்லை. பிரேக் பிடிக்காமல் இடித்தது சுமையால் என்று மதிப்பீட்டாளர் எழுதிவிட்டால் கிளைம் ஆட்டம் காணும். ஓடுகளை, அவற்றை விற்கும் கம்பெனியின் லாரியிலேயே சைட்டில் இறக்கச் சொல்லுங்கள்.

தகடு இன்னொரு விதமான தொல்லை. ஆறு மீட்டர் ஐ.பி.ஆர். தகட்டுக்கு (மடிப்பு மடிப்பான கூரைத் தகடு), இரண்டு மீட்டர் சொச்சம் நீளமுள்ள பக்கித் தட்டு எந்த மூலைக்கு? சட்டப்படி வண்டியின் பின்புறத்தைத் தாண்டி 1.8 மீட்டருக்கு மேலும் முன்புறத்தைத் தாண்டி 300 மில்லிமீட்டருக்கு மேலும் சுமை நீட்டக் கூடாது. கேபினுக்கு மேலே ரேக் வைத்து, நடுவில் தாங்கல் கொடுத்து, நுனியில் சிவப்புத் துணி கட்டுங்கள். கயிறு வேண்டாம், ராட்செட் பட்டை போடுங்கள். என்2 சாலையில் கடல் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது தகடு பறக்கும் வேகத்தைப் பார்த்தவர்கள் அப்புறம் கயிற்றைத் தொட மாட்டார்கள்.

ஆட்களைப் பின்னால் ஏற்றுவது இங்கே தினமும் கண்ணில் படும் காட்சி. தினமும் படுவதால் சட்டம் அனுமதிக்கிறது என்று ஆகிவிடாது. உட்கார்ந்திருப்பவரின் இருக்கைக்கு மேல் குறைந்தது 350 மில்லிமீட்டர், நிற்பவருக்கு 900 மில்லிமீட்டர் உயரத்துக்கு அடைப்பு இருக்க வேண்டும். கருவிகளோடும் சாமானோடும் சேர்த்து ஆட்களை ஏற்ற வேண்டுமென்றால் நடுவில் தடுப்பு வேண்டும். 2014ஆம் ஆண்டின் கட்டுமான விதிகள் ஆட்கள் போகும் வண்டியில் உறுதியாகப் பொருத்திய இருக்கையும் கேட்கின்றன. என் கருத்து: டபுள் கேப் வாங்குங்கள், அல்லது ஆட்களுக்குத் தனியாக ஒரு பழைய வேன் வையுங்கள். கூரை மேல் ஏறுபவனை ரோட்டிலேயே ஆபத்தில் விடுவதற்கு எந்தக் கணக்கும் ஈடாகாது.

ஆட்களுக்கு அடிபட்டால் என்ன? வேலை நேரத்தில் பட்ட காயத்துக்கு 1993ஆம் ஆண்டின் தொழிலாளர் ஈட்டுச் சட்டம் இருக்கிறது, கோய்டா என்பார்கள். நீங்கள் பதிவு செய்து ஆண்டுத் தொகை கட்டினால் லெட்டர் ஆஃப் குட் ஸ்டாண்டிங் தருவார்கள். கட்டுமானத் தொழிலுக்கு ஃபெடரேட்டட் எம்ப்ளாயர்ஸ் மியூச்சுவல் என்ற அமைப்பு வழியாகவும் எடுக்கலாம். பெரிய காண்ட்ராக்டர்கள் இந்தக் கடிதம் இல்லாமல் கேட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள். வண்டி பாலிசி இதற்கு மாற்று கிடையாது.

வண்டி பாலிசியில் வராதவை

கருவிகள் வராது. அவற்றுக்கு தனி கவர் எடுக்க வேண்டும். அதிலும் "பூட்டை உடைத்த அடையாளம்" கேட்பார்கள். திறந்த தட்டில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் காசு கிடையாது. கடை பார்க்கிங்கில் ரிமோட் சிக்னலை ஜாம் செய்து, பூட்டாமலே நிற்கும் கதவைத் திறந்து எடுத்துப் போகும் வித்தை இங்கே சகஜம், அதில் உடைத்த அடையாளம் இருக்காது. ரிமோட்டை அழுத்திவிட்டு கைப்பிடியை ஒரு முறை இழுத்துப் பாருங்கள். கருவிகளைக் குறைத்து மதிப்பிடாதீர்கள்: 40,000 ரேண்ட் சாமானை 20,000க்கு இன்சூர் செய்திருந்து, 10,000 ரேண்டுக்குத் திருட்டுப் போனால் பாதிதான் தருவார்கள். ஆவரேஜ் என்பது இதுதான்.

வாங்கிக்கொண்டு போகும் தகடும் மரமும் வழியில் கெட்டால் அதற்கு குட்ஸ் இன் டிரான்சிட் என்ற தனி கவர். கூரையைத் திறந்து வைத்திருக்கும்போது மழை வந்து வாடிக்கையாளரின் சீலிங் ஊறினால், டார்ச் நெருப்பில் மரம் பற்றினால், அதற்கு பப்ளிக் லயபிலிட்டி என்ற கவர். வண்டியில் கிரேன் இருந்து, கூரையின் மரச்சட்டத்தைத் தூக்கும்போது பக்கத்துச் சுவர் இடிந்தால் அது வண்டி விபத்து ஆகாது. வண்டியை வேலைக் கருவியாகப் பயன்படுத்தினால் கவர் இல்லை என்னும் "டூல் ஆஃப் ட்ரேட்" விலக்கைப் பாலிசியில் தேடுங்கள். சாட்ஸ்வொர்த் போன்ற இடங்களின் பழைய வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை உண்டு. அதைக் கழற்றவும் ஏற்றவும் பதிவு பெற்றவர்களுக்கு மட்டுமே அனுமதி, நீங்கள் தொடவே தொடாதீர்கள்.

சஸ்ரியா. கலவரம், வேலைநிறுத்தம், கும்பல் தீவைப்பு ஆகியவற்றைச் சாதாரண இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஏற்பதில்லை. 1976 சொவெட்டோ எழுச்சிக்குப் பின், 1979இல் தொடங்கிய சஸ்ரியா என்ற அரசு நிறுவனம்தான் ஏற்கிறது. உங்கள் பாலிசியோடு சேர்த்தே வாங்கலாம், விலை அதிகமில்லை. 2021 ஜூலையில் டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணம் கலவரத்தில் எரிந்தபோது இந்த நிறுவனத்திடம் வந்த கிளைம் 3,000 கோடி ரேண்டைத் தாண்டியது. பாலிசித் தாளில் சஸ்ரியா என்ற வரி தனியாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

மாதா மாதம்

பிரீமியம் டெபிட் ஆர்டரில், அதாவது பேங்க் கணக்கிலிருந்து தானாகவே போகும். கணக்கில் காசில்லாமல் திரும்பினால், இரண்டாம் மாதத்திலிருந்து 15 நாள் அவகாசம் உண்டு. வாடிக்கையாளர் பணம் தரும் தேதிக்குப் பிறகு டெபிட் தேதியை வைத்துக்கொள்ளுங்கள்.

இடித்துவிட்டால்

நிறுத்துங்கள். அடிபட்டவர் இருந்தால் 10177க்கு ஆம்புலன்ஸ், 10111க்கு போலீஸ். மற்ற டிரைவரின் பெயர், ஃபோன், லைசென்ஸ், வண்டி நம்பர், லைசென்ஸ் டிஸ்க் எல்லாவற்றையும் படம் எடுங்கள். சுமை கட்டியிருந்த விதத்தையும் படம் எடுங்கள், நன்றாகக் கட்டியிருந்தீர்கள் என்றால் அதுவே உங்கள் சாட்சி. "என் தப்புதான், நான் கொடுத்துடறேன்" என்று அங்கேயே வாக்குக் கொடுக்காதீர்கள். பொறுப்பை ஏற்பதோ மறுப்பதோ கம்பெனியின் வேலை என்று பாலிசியிலேயே இருக்கும். உயிருக்கோ உடம்புக்கோ சேதம் என்றால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் பதிய வேண்டும். பதிவு நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஃபோனை எடுக்கும் முன்பே டோ டிரக்குகள் வந்து நிற்கும். எங்கிருந்துதான் மோப்பம் பிடிப்பார்களோ. ஒரு காகிதத்தை நீட்டி "சும்மா ஒரு சைன்" என்பார்கள். அந்தக் காகிதம் ஸ்டோரேஜ் கட்டணத்தோடு உங்களைக் கட்டிப்போடும். உங்கள் கம்பெனியின் எமர்ஜென்சி நம்பரை அழைத்து, அவர்கள் அனுப்பும் டோ வண்டியை மட்டும் விடுங்கள். அந்த நம்பரை ஸ்டிக்கராக அடித்துக் கண்ணாடியில் ஒட்டுங்கள், ஏனென்றால் இடிபட்ட நேரத்தில் ஃபோன் சீட்டுக்கு அடியில் கிடக்கும்.

ஆர்.ஏ.எஃப். நிதியிடம் ஈடு கேட்க வேண்டியவர்களுக்கு அவகாசம், இடித்த வண்டி தெரிந்தால் மூன்று வருஷம், இடித்துவிட்டு ஓடிப்போனால் இரண்டு வருஷம்.

கம்பெனி மறுத்தால்

மறுப்பை எழுத்தில், காரணத்தோடு கேளுங்கள். அந்தக் கடிதம் கையில் வந்த நாளிலிருந்து, உங்கள் தரப்பை அவர்களிடம் எழுதிக் கொடுக்கக் குறைந்தது 90 நாள் உண்டு. அதன்பின் வழக்குப் போடக் குறைந்தது ஆறு மாதம். நடுவில் இலவசமான இன்னொரு வழி, புகார்களை விசாரிக்கும் நேஷனல் ஃபைனான்ஷியல் ஓம்பட். 2024 மார்ச் 1ஆம் தேதி பல பழைய ஓம்பட் அலுவலகங்களைச் சேர்த்து உருவானது, தனிநபர் புகார்களோடு ஒரு வரம்புக்குள் சிறு தொழில் புகாரையும் எடுக்கும். வக்கீல் தேவையில்லை. தேவைப்படுவது காகிதம்: புரோக்கருக்கு நீங்கள் அனுப்பிய ஈமெயில், டிரைவர் கார்டின் படம், சுமையின் படம், முதல் நாள் எழுதிய அந்த ஒரு பக்கம். நான் அன்று ஓம்பட்டுக்குப் போகவில்லை, போயிருந்தாலும் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. முன்னால் போன காருக்கும் என் வண்டிக்கும் சேர்த்து மாதத் தவணையில் கட்டி முடிக்க ஒன்றரை வருஷம் ஆனது.